வெளியாள் சேதம்

என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, தெரு ஓரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. என் இடுப்பு உயரம் இருக்கும். இந்தத் தெருவுக்கே கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் அதற்குள்ளிருந்துதான் வருகின்றன. பெட்டிக்குக் கதவு உண்டு. கதவில் பூட்டு மாட்ட இரண்டு வளையங்களும் உண்டு. பூட்டைத்தான் காணோம். யாரோ ஒரு புண்ணியவான் வளையங்களுக்குள் கிழிந்த துணியை நுழைத்து முடிச்சுப் போட்டிருந்தார். அந்த முடிச்சும் அவிழ்ந்துபோய், கதவு காற்றுக்கு டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கவேண்டிய வயர்கள் குடல் சரிந்த மாதிரி வெளியே தொங்கும்.

அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காமலும் இருக்க முடியாது. என் வேலையே அந்த ஜன்னலோரத்தில்தான். ஒரு பழைய தையல் மெஷினின் தலையைக் கழற்றிவிட்டு, கால்களின் மேல் பலகை போட்டு மேஜையாக்கியிருந்தேன். அதன்மேல் கம்ப்யூட்டர். காதில் ஹெட்செட். டிவி தெரியவில்லை, நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் சொல்லும் வேலை. எந்தக் கம்பெனிக்கு என்று கேளுங்கள். அந்தப் பெட்டியை அங்கே நட்டுவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன அதே கம்பெனிக்கு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் முதல் நாளே சிரித்து முடித்துவிட்டார்.

ஆனால் எனக்கு அது விளையாட்டு வேலை இல்லை. கல்யாணத்தோடு பழைய வேலையை விட்டேன். திரும்பத் தேடியபோது, போன இடத்தில் எல்லாம் ‘இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?’ என்று கேட்டார்கள். சும்மா இருந்த வருஷங்களில் நான் என்னென்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் கதவை மூடிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அப்படி அலைந்து அலைந்து கிடைத்த வேலை இது. காலையில் ஹெட்செட்டை மாட்டும்போது, இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று இருக்கிறது என்று தோன்றும். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.

அந்த வேலைக்கு ஒரு விதி இருந்தது. வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் லைன் அறுந்து போகக் கூடாது. ஒரே மாதத்தில் மூன்று தடவை அறுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறேன் என்று கேலி பேசாதீர்கள், பேசி ஆயிற்று. மொபைல் நெட்டில் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் அனுமதி இல்லை. கம்பெனியின் சொந்த லைன்தான் வேண்டுமாம். அந்த லைன் வருவதோ அந்தப் பெட்டிக்குள்ளிருந்து. அந்த மாதம் பாதி ஆவதற்குள்ளேயே இரண்டு தடவை அறுந்துவிட்டது.

பெட்டிக்குப் பூட்டு இல்லை என்று நானே புகார் பதிந்திருந்தேன். கிணற்றில் போட்ட கல்தான். எப்போது பார்த்தாலும் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று காட்டும். என்ன நடவடிக்கை, யார் நடக்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. டீம் லீடரிடம் கேட்டேன். என்னைவிடச் சின்னப் பையன், குரலில் எப்போதும் வெண்ணெய் தடவியிருக்கும்.

“அது வேற டிபார்ட்மென்ட் மேடம். நீங்க கஸ்டமர் கால்ல மட்டும் கவனம் வைங்க. பெட்டி தெறந்து கெடந்து லைன் போச்சுன்னா, காரணத்துல ‘வெளியாள் சேதம்’னு போட்டுடுங்க.”

“பூட்டு போடாதது நம்மதானே சார்? அதெப்படி வெளியாள் சேதமாகும்?”

“தெறந்தது வெளியாள்தானே மேடம்? கம்பெனி பழுதுன்னு போட்டா மேல கேள்வி கேப்பாங்க. எதுக்கு வம்பு?”

எதுக்கு வம்பு. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவர்கள் காலத்தை ஓட்டிவிடுவார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க வெளியாள் சேதம், வெளியாள் சேதம் என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை லைன் போனபோது ‘ஏணி’ வந்து சரிசெய்தான். எங்கள் பகுதிக்கு லைன் பார்க்கிற ஆள் அவன். எந்நேரமும் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு திரிவதால் தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடும். வந்தான், கதவைக் காலால் நெம்பினான், உள்ளே என்னவோ செய்தான், என் லைன் வந்துவிட்டது. நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு அழைப்பு வந்தது.

“வணக்கம். உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து நெட்டு இல்ல. என் பொண்ணு வெளிநாட்டுல கொழந்த பெத்துருக்கா. காலைல டிவில வீடியோ கால் போட்டுப் பேரப்புள்ளையப் பாத்தாதான் எனக்குப் பொழுதே விடியும். மொபைல்ல பாத்தா படம் அப்படியே நின்னுடுது. எப்ப சரி பண்ணுவீங்க?”

தெரிந்த குரல். நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வீட்டு மாடி பால்கனியில் காதில் போனோடு நிற்கிறார் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம்.

“உங்க வாடிக்கையாளர் எண்ணைச் சொல்ல முடியுமா மேடம்?”

“இரு, இரு. இது யாரு? நீயா?” அவர் கண் என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. “மேடமா? எதுத்தாப்ல உக்காந்துக்கிட்டு எனக்கு மேடமா?”

எல்லா அழைப்பும் பதிவாகும். வாய் தவறி ‘அண்ணி’ என்று சொன்னால்கூட என் வேலைக்குப் போடும் மதிப்பெண்ணில் கைவைப்பார்கள். மேஜைக்கு அடியில் என் கால் தானாகவே தையல் மெஷினின் மிதியை மிதிக்க ஆரம்பித்தது. கோபம் வந்தால் அப்படித்தான். தைக்க ஒன்றும் இல்லாமல் சக்கரம் கடகடவென்று சுற்றும்.

“தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்.”

“வருந்தறியா? இங்கேருந்து பாத்தா மூஞ்சி அப்படித் தெரியலையே!”

“இது வெளியாள் சேதமாக இருக்கலாம் மேடம். புகார் பதிவு செய்துகொள்கிறேன்.”

“எந்த வெளியாள்? பெட்டி உன் வாசல்ல இருக்கு. காலைலேர்ந்து அது பக்கத்துலயே உக்காந்திருக்கறது நீ. நேத்து உன் லைன் போச்சு, என் லைன் இருந்துச்சு. இன்னிக்கு என் லைன் போச்சு, உன் லைன் இருக்கு. எனக்கு என்ன காது குத்தறியா?”

போனை வைத்தார். வைத்த கையோடு மாடிப்படி இறங்குவதும் தெரிந்தது.

நான் இடைவேளை எடுத்துக்கொண்டு எழுவதற்குள் அவர் கூடத்துக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“உன் பொண்டாட்டிக்கு நெட்டு வேணும்னா என் வயரப் புடுங்கி மாட்டிக்கிறதா? கேக்க ஆளில்லன்னு நெனப்பா?”

“அக்கா, அவளுக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதுக்கா” என்றார் இவர்.

பக்கபலமாகப் பேசுகிறாராம். யார்மேல் முதலில் பாய்வது என்று எனக்குத் தெரியவில்லை. “ஏன் தெரியாது? எல்லாம் தெரியும். ஆனா நான் செய்யல அண்ணி. என்மேல சத்தியமா செய்யல.”

“அப்புறம் யாரு, ஆவியா?”

என்னை வாசலுக்கு இழுத்துப் போனார். பெட்டிக்குள் ஒவ்வொரு வயரிலும் வீட்டு எண் எழுதிய ஒட்டுநாடா சுற்றியிருக்கும். என் வயர் ஒழுங்காகச் செருகியிருந்தது. அவருடைய வயர் அனாதையாக வெளியே தொங்கியது. காய்கறி வண்டிக்காரரும், பால் வாங்கப் போன பெண்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என்ன அநியாயம் என்றால், அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். திறந்து கிடக்கிற பெட்டி, பக்கத்தில் ஓர் ஆள். வேறு என்ன சாட்சி வேண்டும்? பூட்டைத் தொலைத்தவன் எங்கேயோ நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் ஒருவரையொருவர் திருடி என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“சாயங்காலம் ஏணி வருவான். நீங்களும் வாங்க. என் ஜன்னல்ல உக்காந்து ரெண்டு பேரும் பாப்போம்” என்றேன்.

வந்தார். என்னை நம்பி இல்லை, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார். என் வேலை முடிந்திருந்தது. திரையை இழுத்துவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஏணி வந்தான். கதவைக் காலால் தள்ளினான். செருகியிருந்த வயர்களை ஒருமுறை பார்த்தான். கடைக்குப் போய் ஏதோ ஒன்றைப் பொறுக்குகிறவனைப் போல, ஒரு வயரைப் பிடுங்கினான். அந்த இடத்தில் நாத்தனாருடைய வயரைச் செருகினான். பிடுங்கியதை அப்படியே தொங்கவிட்டான். உடனே நாத்தனாரின் போன் அடித்தது.

“லைன் வந்துருச்சு மேடம். புகார முடிச்சுடலாமா?”

“முடிச்சுடலாம்ப்பா” என்றார் நாத்தனார். “அப்படியே திரும்பிப் பாரு.”

நாங்கள் வாசலுக்கு வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இப்பப் புடுங்குனது யார் வயரு?” என்று கேட்டேன்.

“மூலை வீட்டுக்காரரோடதுக்கா.”

“நேத்து என் லைன் வந்ததும் இப்படித்தானா?”

தலையைச் சொறிந்தான்.

“நாளைக்கு அந்த மூலை வீட்டுக்காரர் கூப்பிடுவாரே, அப்ப?”

“கூப்பிடுவாருக்கா. அப்ப வந்து வேற ஒண்ணப் புடுங்குவேன்.” அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. “வேற என்னதான் செய்யச் சொல்றீங்க? கதவு தெறந்து கெடந்து மழையெல்லாம் உள்ள எறங்கி, வயர் செருகற இந்த ஓட்டைங்கள்ள பாதி செத்துப் போச்சு. இருக்கற ஓட்டை கம்மி, வீடு ஜாஸ்தி. புதுசு கேட்டா வரல. பூட்டு கேட்டேன், அதுவும் வரல. ஆனா புகாரு மட்டும் அன்னிக்கே முடியணும், இல்லன்னா என்னை அனுப்பிடுவாங்க. நான் மட்டுமா? அடுத்த ஏரியாக்காரன், புதுக் கனெக்‌ஷன் குடுக்கறவன், எவன் வந்தாலும் இதேதான்.”

இத்தனை நாள் நான் தட்டிய அத்தனை வெளியாள் சேதமும் கண்முன்னால் வந்தது. வெளியாளே இல்லை. ஏணிதான். ஏணியும் இல்லை, அவனைத் துரத்துகிறவர்கள். ஒவ்வொரு புகாரும் இன்னொரு புகாரைப் பெற்றுப்போட்டுக்கொண்டிருந்தது, நானும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவர் வம்சத்திலேயே கிடையாது. பெட்டிக்குள் குனிந்து ஒட்டுநாடாக்களைப் படித்தார்.

“இது பின்னாடி வீடு. அவங்கதான் காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சே? அப்புறம் இந்தத் தையல்காரர். கடையையே மூடிட்டாரு. இதுங்க எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு?”

“கம்பெனி சொல்லாம எடுக்கக் கூடாதுங்க.”

“எடு.”

எடுத்தான். மூலை வீட்டுக்காரருக்கும் இடம் கிடைத்தது, ஒரு ஓட்டை மிச்சமும் ஆயிற்று. நான் உள்ளே போய் மொட்டைமாடிக் கதவின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வளையங்களில் மாட்டி, அழுத்திப் பூட்டினேன். க்ளக் என்ற அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“சாவி என் ஜன்னல்ல ஆணில தொங்கும். யாரு வந்தாலும் பெல் அடிக்கட்டும். நான் நின்னு பாப்பேன். ஒருத்தர் வயரப் புடுங்கி இன்னொருத்தருக்குக் குடுக்கறது இனிமே கிடையாது.”

“எனக்கும் நிம்மதிதான்க்கா” என்றான் ஏணி.

அதற்குப் பிறகு கதவு டொக்கென்றுகூட அடிக்கவில்லை. வந்தவர்கள் பெல் அடித்தார்கள். ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒழுங்காக வேலை பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவிலிருந்து புகாரே வரவில்லை. நாத்தனார் ஒரு நாள் பால்கனியிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டு, டிவி முழுக்கத் தெரிந்த பேரப்பிள்ளை கொட்டாவி விடுவதைக் காட்டினார். “என் தம்பி மூக்கு” என்றார். என் வீட்டுக்காரரின் மூக்கு அந்தக் குழந்தைக்கு வராமல் இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மாதக் கடைசி வந்துவிட்டது. விடிந்தால் புது மாதம். என் கணக்கில் அறுந்த இரண்டும் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அன்றைக்குத்தான் அவன் வந்தான். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஆள். புதுக் கனெக்‌ஷன் பிடிப்பவன்.

“பெட்டியத் தெறங்க. ஒரே நேரத்துல நாலு வீட்டுக்குக் குடுக்கணும்.”

“ஒரு எடம்தான் காலியா இருக்கு. மூணு பேருக்கு எங்கேருந்து குடுப்பீங்க?”

“அத நாங்க பாத்துக்கறோம்.”

“நீங்க பாத்துக்கறதத்தான் நானும் இத்தன நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு வீட்டுக்குன்னா தெறக்கறேன். மத்த மூணு பேருக்கு, புது ஓட்டை போட்டுட்டு வாங்க.”

அவன் என்னோடு வாதாடவில்லை. போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தான். பிறகு என்னையும் படம் பிடித்தான். போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் டீம் லீடரின் குரல். வெண்ணெயைக் காணோம். “மேடம், கம்பெனி சொத்துல நீங்க பூட்டு போட்டிருக்கீங்களா?”

“ஆமா சார். கம்பெனி போடல, அதான்.”

“அது சட்டப்படி குற்றம் மேடம்.”

“தெறந்து போட்டது குற்றமில்லையா சார்? பூட்டு போட்டதுலேர்ந்து இந்தத் தெருவுலேர்ந்து ஒரு புகார் வந்துச்சான்னு பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க.”

“அது வேற டிபார்ட்மென்ட். உங்க கால் வெயிட்டிங்ல இருக்கு, எடுங்க” என்று வைத்துவிட்டான்.

எத்தனையோ மாதமாக ஒரு பூட்டை மாட்ட ஆள் அனுப்ப முடியாத கம்பெனி, என் பூட்டை உடைக்க ஒரு மணி நேரத்தில் வண்டியே அனுப்பியது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் அதே அடையாள அட்டைக்காரன், இன்னொருவன் கையில் பெரிய கட்டர். என் காதில் அப்போது ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து ஓட முடியாது. லைனை விட்டால் அதுவே மூன்றாவது.

“அம்மா, எங்க தெருப் பெட்டி தெறந்தே கெடக்குதும்மா” என்றார் அந்தப் பெரியவர். எந்தத் தெருவோ, எந்த மூலையோ. “தினமும் லைன் போவுது. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். ஆள் வருவாங்களா?”

ஜன்னலுக்கு வெளியே கட்டர் என் பூட்டின் கழுத்தைப் பிடித்தது. என் கால் மிதியை மிதித்துக்கொண்டிருந்தது, பலகையே ஆடியது. சொல்லவேண்டிய வாசகம் திரையில் ஒளிர்ந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

“வர மாட்டாங்க ஐயா” என்றேன். “யாருமே வர மாட்டாங்க. நான் எழுதிக்கற புகாரும் சும்மாதான். உங்க தெருக்காரங்களக் கூப்பிடுங்க. நல்ல பூட்டா ஒண்ணு வாங்கி நீங்களே...”

பூட்டு கீழே விழுந்தது. அட்டைக்காரன் உள்ளே கையை விட்டான். கைக்கு வந்ததைப் பிடுங்கினான். என் காதில் பெரியவரின் மூச்சுச் சத்தம் அறுந்து, வெறும் நிசப்தம் வந்தது.

மொபைலில் டீம் லீடர் கூப்பிட்டான். “மூணாவது தடவ லைன் டிராப் மேடம். ரூல்னா ரூல்தான்.”

“உங்க ஆளு இப்பதான் என் கண்ணு முன்னாடி என் வயரப் புடுங்கினான் சார். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“அதுக்கு ப்ரூஃப் இல்ல மேடம். பெட்டி தெறந்திருந்தா யாரு வேணா புடுங்கியிருக்கலாம். வெளியாள் சேதம்னுதான் போட முடியும். பூட்டு விஷயத்துல உங்கமேல நடவடிக்கை எடுக்காம விட்டிருக்கோம். அத நெனச்சுக்கோங்க.”

என் வேலை போயிற்று. அலைந்து அலைந்து கிடைத்த வேலையைப் பறிக்க ஒரு கட்டரும் ஒரு கையும் போதுமாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். வந்தவர்கள் வண்டியேறிப் போயிருந்தார்கள். கதவு டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை ஒழுங்காகச் சாத்தக்கூட அவர்களுக்குக் கை வரவில்லை. உடைந்த பூட்டு சாக்கடை ஓரத்தில் கிடந்தது.

அப்போது போனில் குறுஞ்செய்தி வந்தது. கம்பெனியிடமிருந்துதான். பெட்டிக்குப் பூட்டு இல்லை என்று எப்போதோ நான் பதிந்த அந்தப் புகாரைப் பற்றி.

‘ஆய்வு செய்யப்பட்டது. பெட்டியில் பூட்டு இருந்தது. அகற்றப்பட்டது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

நின்ற இடத்திலேயே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிர் வீட்டுப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார். அவருடைய லைனும் போயிருக்கும், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“வேல?”

“போச்சு அண்ணி.”

திரும்பி வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான் என்று நினைத்தபோது மறுபடியும் வெளியே வந்தார். கையில் அவர் வீட்டு இரும்புக் கேட்டின் பூட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். பெட்டிக்கு முன்னால் குனிந்து, தொங்கிய என் வயரைத் தேடி எடுத்தார். செருகத் தெரியாமல் திணறியபோது நான் வாங்கிச் செருகினேன். கதவைச் சாத்திப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியை நான் கைநீட்டிக் கேட்டேன்.

“வேணாம். இந்தத் தடவ என்கிட்ட இருக்கட்டும்” என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டார் நாத்தனார். “வந்து கேக்கட்டும். அவனுங்க புடுங்கறதுக்கு என்கிட்ட என்ன வேலையா இருக்கு?”